விட்டுக்கொடுத்து வென்றவர்

நுழையும்முன்

வலிமை மிக்கவரே வெல்வர் என்பது பொதுவான எண்ணம். எதிராளியின் வலிமையைக் கொண்டே அவரை வீழ்த்த இயலும் என்பதை மெலிந்த உடலினர் ஒருவர் உணர்ந்து, அதனை ஒரு கல்விமுறையாகவே வளர்த்தெடுத்தார். ஜூடோ கலையைத் தோற்றுவித்த ஜப்பானிய ஆசிரியர் ஜிகொரோ கானோவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் இன்னலும்

இன்று கோபே நகரின் ஒரு பகுதியாக விளங்கும் மிக்காகே என்னும் கடலோர ஊரில், 1860ஆம் ஆண்டு கானோ பிறந்தார். அரிசி மது வடிக்கும் தொழிலில் பெயர்பெற்ற குடும்பம் அது. சிறுவயதிலேயே தாயை இழந்த அவர், பின்னர்த் தந்தையுடன் டோக்கியோ நகருக்குச் சென்றார். படிப்பில் சிறந்து விளங்கினார். ஆயினும் அவர் பயின்ற விடுதிப் பள்ளியில் அறிவைவிட உடல்வலிமையே பெரிதாக மதிக்கப்பட்டது. உயரம் குறைந்து, மெலிந்திருந்த கானோவை வலிய மாணவர்கள் அடித்துத் துன்புறுத்தினர். சிறியவரும் பெரியவரை வீழ்த்த உதவும் ஜுஜுட்சு என்னும் பழைய தற்காப்புக் கலையைப் பற்றி அவர் கேள்வியுற்றார். அதனைக் கற்றே தீர்வது என உறுதிபூண்டார்.

ஆசிரியரைத் தேடி

அக்கலை அப்போது நலிந்திருந்தது. 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சியில் ஜப்பான் மேலைநாட்டு முறைகளை விரைந்து ஏற்றது. 1876இல் சாமுராய் வீரர்கள் வாள் அணிவதும் தடைசெய்யப்பட்டது. ஜுஜுட்சு ஆசிரியர் பலர் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்து வாழ்ந்தனர். இதனை அறிந்த கானோ, எலும்பு வைத்தியர்களை நாடிச் சென்று விசாரித்தார். 1877இல் ஃபுக்குடா ஹச்சினொசுக்கே என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஒரு பிடியின் நுட்பத்தைக் கானோ வினவும்போதெல்லாம் ஆசிரியர் சொல்லால் விளக்கவில்லை. மீண்டும் மீண்டும் அவரைத் தூக்கி எறிந்தே விளக்கினார். உடல் கற்றது, உள்ளமோ காரணத்தைத் தேடியது.

உடன் பயின்ற பருத்த உடலினர் ஒருவரைக் கானோவால் வெல்ல முடியவில்லை. அவர் நூலகத்தை நாடினார். மேலைநாட்டு மற்போர் நூல்களைப் படித்து, எதிராளியைத் தோளில் ஏற்றி வீழ்த்தும் முறையைக் கண்டறிந்தார். பலமுறை பழகி அவரை வென்றார். பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆய்வு நோக்கு, பயிற்சிக் களத்திலும் அவருக்குத் துணைநின்றது.

பன்னிரண்டு பாய்களில் ஒரு பள்ளி

1882ஆம் ஆண்டு டோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். வழியைக் கற்கும் இடம் என்னும் பொருளில் அதற்குக் கோடோகன் எனப் பெயரிட்டார். முதலாண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மரே. அவர்கள் விழும் அதிர்ச்சியில் கோயில் தரை உடைந்தது. இரவில் மெழுகுவத்தி ஒளியில் தரைக்கடியில் புகுந்து, அதனைக் கானோவே செப்பனிட்டார். மாணவரிடம் அவர் கட்டணம் பெறவில்லை. ஆசிரியப் பணியாலும் மொழிபெயர்ப்பாலும் ஈட்டிய பொருளைக் கொண்டே பள்ளியை நடத்தினார்.

மென்மையின் வழி

ஜூ என்பது மென்மையையும் இணங்கிக்கொடுத்தலையும் குறிக்கும். டோ என்பது வழியைக் குறிக்கும். பத்துப் பங்கு வலிமையுடைய ஒருவர், ஏழு பங்கு வலிமையுடைய மற்றொருவரைத் தள்ளுவதாகக் கொள்வோம். இரண்டாமவர் எதிர்த்து நின்றால் தோற்பார். எதிர்க்காமல் அத்தள்ளுதலின் போக்கிலேயே பின்வாங்கினால், முதலாமவர் நிலைதடுமாறி முன்சாய்வார். அந்த நொடியில் அவரை வீழ்த்தச் சிறிய விசையே போதும். வீழ்த்துவதற்கு முன் நிலைகுலையச் செய்ய வேண்டும் என்னும் இவ்வுண்மையே கானோவின் பெருங்கண்டுபிடிப்பு.

உயிருக்கும் உறுப்புக்கும் ஊறு விளைக்கும் பிடிகளைக் கட்டற்ற பயிற்சியிலிருந்து அவர் நீக்கினார். அதனால் மாணவர்கள் அச்சமின்றி முழுவிசையுடன் பழக முடிந்தது. எறிவதற்கு முன் காயமின்றி விழக் கற்பது இன்றியமையாததாயிற்று. எதிரே நிற்பவர் பகைவர் அல்லர். அவரின்றிப் பயிற்சியே இல்லை. எனவே தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் ஒருவரையொருவர் தலைதாழ்த்தி வணங்குவர். ஆற்றலை நன்கு பயன்படுத்தல், தானும் பிறரும் இணைந்து வளர்தல் என்னும் இரண்டையும் ஜூடோவின் கொள்கைகளாகக் கானோ வகுத்தார். தம்மைத் துன்புறுத்தியோரை எதிர்கொள்ளக் கற்கத் தொடங்கிய கலை, அவரது கையில் பிறரையும் வளர்க்கும் கல்வியாயிற்று.

ஆசிரியரும் உலகமும்

கானோ தம்மை முதன்மையாக ஓர் ஆசிரியராகவே கருதினார். 1893 முதல் பல காலகட்டங்களில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமையேற்றார். சீன மாணவர்களுக்கென அவர் நிறுவிய பள்ளியில், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன்னும் பயின்றார். 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிக்கு, ஜப்பானின் முதல் வீரர்கள் இருவரை அழைத்துச் சென்றார்.

1940ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குப் பெற்றுத்தர அவர் அரும்பாடுபட்டார். 1938இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில் கலந்துகொண்டு திரும்புகையில், மே 4ஆம் நாள் கப்பலிலேயே நுரையீரல் அழற்சியால் மறைந்தார். சீனாவுடன் போர் மூண்டிருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலையில் ஜப்பான் அப்போட்டியை நடத்தும் பொறுப்பைக் கைவிட்டது.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற்றபோது, ஜூடோ முதன்முறையாக அதில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், நெதர்லாந்து வீரர் அன்டன் கேசிங்க் ஜப்பானிய வீரர் அகியோ கமினாகாவை வென்றார். அரங்கம் அமைதியில் ஆழ்ந்தது. ஆரவாரத்துடன் களத்திற்குள் ஓடிவந்த தம் நாட்டு ஆதரவாளரைக் கேசிங்க் கையுயர்த்தித் தடுத்தார். பின் தம்மிடம் தோற்றவரை முறைப்படி வணங்கினார். ஜப்பான் அன்று தோற்றது. எனினும் பன்னிரண்டு பாய்களில் கானோ கற்பித்த பாடம் கடல் கடந்து வேரூன்றியிருந்தது.