‘அபைட் வித் மீ’ பாடலை எழுதியவர் யார்? அரசருக்கும் காந்திக்கும் பிடித்த பாட்டின் பின்னால் ஒரு மீனவ ஊர்ப் பாதிரியார்

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த ராணுவ ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட 13 பேர் அன்றே உயிரிழந்தார்கள். உயிர்தப்பிய ஒரே அதிகாரியும் ஒரு வாரத்தில் இறந்துபோனார். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் மைதானத்தில் வரிசையாக வைக்கப்பட்ட அந்தப் பெட்டிகளை நீலகிரி மக்கள் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த மாதமே ராணுவ இசை பற்றி ஒரு விவாதம் கிளம்பியது. 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் நடந்த முப்படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், பல பத்தாண்டுகளாக வாசிக்கப்பட்டு வந்த ‘அபைட் வித் மீ’ இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, சீனப் போருக்குப் பின் கவி பிரதீப் எழுதிய ‘ஏ மேரே வதன் கே லோகோ’ இசைக்கப்பட்டது. ‘வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பாட்டு நமக்கு எதுக்கு?’ என்றது ஒரு தரப்பு. ‘காந்திக்குப் பிடித்த பாட்டை எடுக்கலாமா?’ என்றது இன்னொரு தரப்பு.

இந்தச் சண்டையில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். பாட்டை எழுதியவர்.

யார் இந்த ஹென்றி லைட்?

ஹென்றி பிரான்சிஸ் லைட் 1793 ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தில் கெல்சோ ஊருக்குப் பக்கத்தில் உள்ள எட்னம் கிராமத்தில் பிறந்தார். அப்பா தாமஸ் லைட் ராணுவ அதிகாரி. குடும்பத்தைவிட மீன்பிடிப்பும் வேட்டையும்தான் அவருக்கு முக்கியம். மூத்த மகன்கள் இருவரையும் அயர்லாந்தில் உள்ள போர்ட்டோரா பள்ளியில் சேர்த்துவிட்டு, குடும்பத்தைக் கைகழுவிப் போய்விட்டார். அம்மா லண்டனுக்குப் போனார். அங்கே அவரும் கடைசித் தம்பியும் இறந்துபோனார்கள். அப்பாவோ மறுமணம் செய்துகொண்டார். மகனுக்குக் கடிதம் எழுதும்போது கீழே ‘மாமா’ என்றுதான் கையெழுத்துப் போடுவாராம். பெற்ற அப்பா உயிரோடு இருந்தும் அனாதையாக வளர்ந்தவர் லைட்.

அவரைக் கைதூக்கிவிட்டவர் பள்ளித் தலைமை ஆசிரியர் ராபர்ட் பரோஸ். பையனிடம் திறமை இருப்பதைப் பார்த்த அவர், பள்ளிக் கட்டணத்தைத் தானே கட்டினார். விடுமுறை வந்தால் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அங்கிருந்து டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போன லைட், கவிதைக்காகப் பரிசுகள் வாங்கினார். மருத்துவம் படிக்கலாம் என்ற எண்ணமும் இருந்தது. கடைசியில் 1815-இல் பாதிரியார் ஆனார்.

சில ஆண்டுகளில் நண்பரான இன்னொரு பாதிரியார் சாகக் கிடந்தபோது லைட் அவர் பக்கத்தில் இருந்தார். அந்த மரணம் தன்னை அடியோடு மாற்றியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அதுவரை வேலையாக இருந்த ஊழியம், அதற்குப் பிறகு வாழ்க்கையாக ஆனது. 1818-இல் ஆன் மேக்ஸ்வெல்லைத் திருமணம் செய்துகொண்டார்.

மீனவர்களோடு இருபது வருடத்துக்கு மேல்

1824-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடி ஊருக்கு லைட் வந்தார். வாழ்நாளின் மிச்சம் முழுவதும் அந்த ஊருக்குத்தான். பெரிய ஞாயிறு பள்ளியைக் கட்டி வளர்த்தார். கடலோடிகளுக்கென்று தனியாகவும் ஒரு ஞாயிறு பள்ளி நடத்தினார். அடிமை முறையை ஒழிக்கக் கோரி 1833-இல் நாடாளுமன்றத்துக்கு மனு திரட்டினார். அவர் குடியிருந்த பெர்ரி ஹெட் வீடு, நெப்போலியன் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவமனையாக இருந்த கட்டடம்.

சறுக்கல்களும் இருந்தன. 1840-களில் சபைக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பாடகர் குழுவில் பெரும்பாலோர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். உலகமே பாடப்போகும் பாட்டை எழுதியவருக்குச் சொந்தக் கோயிலில் பாட ஆளில்லாத நிலை! உடம்பும் ஒத்துழைக்கவில்லை. காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. குளிர்காலம் வந்தாலே கதகதப்பான தெற்கு நாடுகளுக்குப் போக வேண்டியிருந்தது.

பாட்டு எப்போது எழுதப்பட்டது?

1847 செப்டம்பர். வீட்டார் தடுத்தும் கேட்காமல், பலவீனமான உடம்போடு லைட் தன் சபைக்குக் கடைசிப் பிரசங்கம் செய்தார். அன்று மாலை, எட்டுச் சரணங்கள் கொண்ட பாட்டையும் தானே அமைத்த மெட்டையும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தார் என்கிறது அவர் மகள் 1850-இல் வெளியிட்ட நூல். நண்பர் ஒருவரின் மரணப் படுக்கையைப் பார்த்து 1820 வாக்கிலேயே எழுதிவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி ஆண்டின் சாயல் பாட்டு முழுக்க இருக்கிறது.

பாட்டின் கரு லூக்கா நற்செய்தியில் வரும் எம்மாவு சம்பவம். இயேசு இறந்த துக்கத்தில் இரண்டு சீடர்கள் நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். அவர்தான் இயேசு என்று அவர்களுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். லைட் அந்த மாலை நேரத்தை ஒரு மனிதனின் ஆயுள் முடியும் நேரமாக மாற்றிவிட்டார். உதவிக்கு வேறு யாரும் இல்லாத நேரத்தில் நீயாவது கூட இரு என்பதுதான் வேண்டுதல். அப்பா விட்டுப்போன பிள்ளை கேட்கக்கூடிய வேண்டுதல்தான் அது.

அதன் பிறகு தெற்கே கிளம்பியவர் திரும்பவில்லை. 1847 நவம்பர் 20 அன்று, இன்று பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகரத்தில் 54 வயதில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பாட்டு புகழ்பெற்றதை அவர் பார்க்கவே இல்லை.

அரண்மனை, சிறை, ஆசிரமம்

லைட் போட்ட மெட்டு நிலைக்கவில்லை. 1861-இல் வெளியான ஒரு பாடல் தொகுப்புக்காக வில்லியம் ஹென்றி மங்க் அமைத்த ‘ஈவன்டைட்’ மெட்டுதான் இன்று எல்லோரும் கேட்பது. அந்த மெட்டோடு பாட்டு பரவியது. முதல் உலகப் போரில், ஜெர்மன் ராணுவம் 1915 அக்டோபர் 12 அதிகாலையில் சுட்டுக்கொன்ற நர்ஸ் எடித் கேவல், முந்தைய இரவு சிறையில் பாதிரியாரோடு சேர்ந்து இந்த வரிகளைச் சொன்னார். 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதிப்போட்டியிலும் பாடப்படுகிறது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்குப் பிடித்த பாட்டு. அவருடைய ஆட்சியை எதிர்த்த காந்திக்கும் பிடித்த பாட்டு.

லைட்டின் இன்னொரு பாடலும் அரண்மனைக்குப் போனது. எலிசபெத் – பிலிப் திருமணத்தில் அவருடைய ‘பிரைஸ் மை சோல்’ பாடப்பட்டது. அந்த நாள் 1947 நவம்பர் 20. லைட் இறந்து சரியாக நூறாவது ஆண்டு நாள். 2021 ஏப்ரலில் அதே பிலிப்பின் இறுதிச் சடங்கில், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதற்குப் பொருத்தமாக, ‘கான்டாகியன்’ என்ற ஆர்த்தடாக்ஸ் இரங்கல் பாடல் ஒலித்தது.

ராணுவத்துக்குள் எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் சூரியன் மறைந்தால் சண்டை நிற்கும். கொடியை இறக்கிப் படைகள் பாசறை திரும்பும். அதன் நினைவுதான் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. பொழுது சாய்வதைப் பற்றிய பாட்டு அதற்குப் பொருந்திப்போனது.

ராணுவம் எந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்பது நாட்டின் முடிவு. அதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் இதை ஆட்சி அதிகாரத்தின் பாட்டு என்று மட்டும் சொன்னால், எழுதியவருக்குச் செய்யும் நியாயமாகாது. அதில் நாட்டை ஆளும் ராஜாவும் இல்லை, போர் வெற்றியும் இல்லை. சாகப்போகிற ஒருவரின் வேண்டுதல்தான் இருக்கிறது.

டெல்லி நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டாலும் பாட்டு எங்கேயும் போய்விடவில்லை. பிரிக்ஸ்ஹாமில் லைட் ஊழியம் செய்த கோயிலின் மணிகள் மாலையில் இந்த மெட்டை ஒலிக்கின்றன. ‘என்னோடிரும்’ என்று தொடங்கும் மொழிபெயர்ப்பாகத் தமிழ்த் திருச்சபைகளிலும் அது இருக்கிறது. அங்கே பலருக்கு லைட் யாரென்று தெரியாது. துக்க வீட்டில் யாராவது தொடங்கினால், மற்றவர்கள் புத்தகம் பார்க்காமலே சேர்ந்து பாடுகிறார்கள்.