வடிநீரில் நஞ்சைத் தேடிய சம்புநாத் டே

ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்த எனக்கு வாந்திபேதி என்பது பாட்டன் காலத்துப் பயமாகவே வந்து சேர்ந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் சனத்தை வழியிலேயே அள்ளிச் சென்ற நோய் அது. வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பயந்துதான் பிற்காலத்தில் தொழிலாளரை மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்து வைத்தார்கள். 1983க்குப் பின் அகதியாகப் போன நம்மவர் பலர் தங்கியதும் அதே மண்டபத்தில்தான்.

அந்த நோயின் புதிரை அவிழ்த்தவர் சம்புநாத் டே. 1915இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் படித்து, லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

கொலராக் கிருமி ஏதோ நஞ்சைக் கக்குகிறது என்று ராபர்ட் கோக் 1884இலேயே கருதினார். ஆனால் அந்த நஞ்சு யார் கையிலும் அகப்படவில்லை. கிருமியைக் கொன்று உடைத்து உள்ளே தேடியவர்கள் உண்டு. டே வெளியே தேடினார். கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமி நுழைய முடியாத நுண்வடியில் வடித்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் அந்த வடிநீரைச் செலுத்தினார். அதில் ஒரு கிருமிகூட இல்லை. ஆனாலும் குடல் நீர்கோத்து உப்பியது. 1959இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

1967இல், அதே கல்கத்தாவில், கொலராக் கிருமியின் மேலுறை மொட்டுவிட்டு நுண்குமிழ்களாகப் பிரிவதை சட்டர்ஜியும் தாஸும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். மனிதக் கலங்களும் இப்படி மென்சவ்வு சூழ்ந்த குமிழ்களை விடுகின்றன. அவற்றைப் பிரிக்க இன்றும் முதல் வேலை கலத்தை அகற்றுவதுதான். மெதுவாகச் சுழற்றிக் கலங்களைப் படியவிட்டு, மேல்நீரை வடிக்கிறார்கள். பிறகு புவியீர்ப்பைப்போல் ஓர் இலட்சம் மடங்கு விசையில் சுழற்றினால் குமிழ்கள் வண்டலாகும். புரதத் திரளும் கூடவே ஒட்டிக்கொள்ளும் என்பது தொல்லை. அதனால் துளையுள்ள நுண்மணிகள் நிரப்பிய குழாயில் ஓடவிட்டு, அளவுப்படி பிரிப்பவர்களும் உண்டு. தேயிலை ஸ்டோரில் தூள் சலிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் இங்கே பெரியதுதான் முதலில் வெளியே வரும், சிறியவை மணிகளின் துளைக்குள் புகுந்து பிந்தும்.

நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை, நீரை வெளியேற்ற மட்டுமே செய்கிறது என்பது பின்னர் தெளிவானது. உப்பும் சீனியும் கரைத்த நீரை அந்தக் குடல் உறிஞ்சும். 1971இல் பங்களாதேஷ் போர் அகதிகள் நிறைந்த போங்கான் முகாமில் திலீப் மஹாலனபிஸ் அதைக் கொடுத்தே சாவுகளைப் பெருமளவு குறைத்தார். நம் முகாம்களில் கைக்குக் கை மாறிய ஜீவனிப் பொதியும் அதே சரக்குத்தான்.

டேயை இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் உறுப்பினராக ஏற்கவில்லை. இதை என்னால் இலகுவாகக் கடக்க முடியவில்லை. 1978இல் நோபல் அறக்கட்டளை தன் கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1985 ஏப்ரலில் அவர் காலமானார்.