முற்றுகைக்குள் நிலம் வாங்கிய நபி அர்மியா (அலை)

அல்குர்ஆனில் அர்மியா (அலை) அவர்களின் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தமது அல்பிதாயா வன்னிஹாயா நூலில் பனூ இஸ்ராயீல்களின் நபிமார்களுள் ஒருவராகவே அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். சூரத்துல் பகராவின் 259ஆம் வசனத்தில் பாழடைந்த ஊரைக் கடந்து சென்றவர் உஸைர் (அலை) என்பது பிரபலமான கருத்து. அவர் அர்மியா (அலை) என்று சொன்னவர்களும் உண்டு. இங்கே நாம் சொல்லும் மற்ற விவரங்கள் முந்தைய வேத நூல்களில் வருபவை. மார்க்கத்துக்கு முரணில்லாத அளவில் அவற்றை வரலாறாகச் சொல்ல நம் உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

ஜெருசலேமுக்கு அருகே அனாதோத் என்ற சிற்றூர் அவர்களின் சொந்த ஊர். கி.மு. 627 வாக்கில் இளம் வயதிலேயே அழைப்புப் பணி தொடங்கியது. சுமார் 40 ஆண்டுகள் நீடித்தது. சிலை வணக்கத்தை விடுங்கள், அநாதைகளையும் விதவைகளையும் ஒடுக்காதீர்கள், தௌபா செய்து திரும்புங்கள் என்றார்கள். புனித ஆலயம் நம்மிடம் இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்ற மக்களின் துணிச்சலைக் கண்டித்ததுதான் எல்லோரையும் கோபப்படுத்தியது.

மன்னன் யோயாக்கீம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை கட்டினான். அதையும் முகத்துக்கு நேரே கண்டித்தார்கள். (தறிக் கூலியை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது நம் காஞ்சிபுரத்துக்கும் புதிதல்ல.) அவர்களின் எச்சரிக்கைகள் எழுதப்பட்ட சுருளை மன்னன் துண்டு துண்டாக அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். அர்மியா (அலை) எழுத்தர் பாரூக்கை அழைத்து, முழுவதையும் மறுபடி எழுதவைத்தார்கள்.

ஒருமுறை குயவர் வீட்டுக்குப் போனார்கள். சக்கரத்தில் பாண்டம் கோணியது. குயவர் மண்ணை வீசிவிடவில்லை. பிசைந்து வேறு பாண்டமாக்கினார். திரும்பி வரும் சமுதாயத்துக்கு அல்லாஹ்விடம் வழி உண்டு என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார்கள். நமக்கு இது எளிதாகவே புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியைக் கழற்றிப் போடும் நெசவாளி யார்? முடிந்துவிட்டு மேலே நெய்வார்.

கடைசி மன்னன் சிதேக்கியாவின் காலத்தில் பாபிலோன் படை நகரை வளைத்தது. சரணடையுங்கள், உயிராவது மிஞ்சும் என்று சொன்னதால் துரோகிப் பட்டம் சூட்டி, சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினார்கள். அரண்மனை ஊழியரான அபிசீனியர் ஒருவர்தான் மன்னனிடம் பேசி அனுமதி பெற்று மீட்டார். கயிறு அறுக்காமலிருக்க, அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் கயிற்றில் கட்டி இறக்கினார். அந்தக் கந்தலைப் பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்கிறோம்.

காவலில் இருந்தபோது சித்தப்பா மகன் வந்து அனாதோத் நிலத்தை வாங்கிக்கொள்ளக் கேட்டார். நகரம் விழப்போகிறது என்று சொல்லி வந்தவரே 17 ஷெக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்கள், சாட்சிகள் கையெழுத்திட்டனர். பத்திரம் நெடுநாள் கெடாமலிருக்க மண்பானையில் வைக்கச் சொன்னார்கள். இந்த மண்ணில் மீண்டும் வீடும் வயலும் வாங்கப்படும் என்று அறிவித்தார்கள்.

கி.மு. 586 வாக்கில் நகரமும் ஆலயமும் எரிந்தன. எஞ்சிய மக்கள் எகிப்துக்கு ஓடியபோது அர்மியா (அலை) அவர்களையும் கூட்டிச் சென்றார்கள். ஊர் திரும்பியதாகச் செய்தி இல்லை. கி.மு. 539இல் பாரசீக மன்னர் கோரேஷ் பாபிலோனைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு, நாடு கடத்தப்பட்டவர்கள் ஊர் திரும்ப அனுமதி கொடுத்தார். திரும்பியவர்களில் அனாதோத் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.