ஒரு ஷில்லிங் டிக்கெட்டில் தொடங்கிய டூர் பேக்கேஜ்: யார் இந்த தாமஸ் குக்?

நாலு நாள் லீவு, மூணு ஊர். ரயில் டிக்கெட்டுக்கு ஒரு ஆப், ஹோட்டலுக்கு இன்னொன்று, இறங்கும் ஊரில் என்ன பார்க்கலாம் என்று தேட பத்து டேப். முதல் ரயில் லேட்டானால் அடுத்த ரயில் கிடைக்குமா என்ற கவலை வேறு. சம்மர் ட்ரிப் பிளான் போட்ட எல்லோருக்கும் இந்தத் தலைவலி தெரியும். இதை 180 வருடங்களுக்கு முன்பே தன் தலையில் ஏற்றிக்கொண்டு, அதையே தொழிலாக மாற்றியவர் தாமஸ் குக். ஆனால் அவர் தொழில் செய்ய நினைத்து இதைத் தொடங்கவில்லை. ஊரில் யாரும் குடிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஆசையாக இருந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள மெல்பர்ன் என்ற சிற்றூரில் 1808 நவம்பர் 22-ல் பிறந்தார் குக். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 10 வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோய், தோட்ட வேலைக்கு எடுபிடியாகப் போனார். கூலி நாளுக்கு ஒரு பென்னி. பிறகு மர வேலை பழகினார். 1828-ல் பாப்டிஸ்ட் சபையின் ஊர் ஊராகப் போகும் பிரசாரகர் ஆனார். அடுத்த ஒரே வருடத்தில் அவர் பயணம் செய்த தூரம் சுமார் 4,300 கி.மீ. அதில் ஏறக்குறைய 3,400 கி.மீ. நடந்தே போனது! சபையிடம் பணம் தீர்ந்ததும் அந்த வேலையும் போய், மறுபடி மரச் சாமான் செய்யப் போனார். 1833-ல் மேரியனைத் திருமணம் செய்துகொண்டார். மறுவருடம் மகன் ஜான் மேசன் பிறந்தான். இந்த மகனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

24 கி.மீ. நடையில் வந்த ஐடியா

1841 ஜூன். மார்க்கெட் ஹார்பரோவில் இருந்த குக், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டருக்கு சுமார் 24 கி.மீ. நடந்து போய்க்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பகுதிக்கு ரயில் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வாரம் முழுக்க ஃபேக்டரியில் உழைக்கிறவனுக்கு சாராயக் கடையை விட்டால் போக இடமில்லை, அவனை ஏன் ரயிலில் ஏற்றி எங்காவது கூட்டிப் போகக் கூடாது என்று வழியில் தோன்றியது. நேராக ரயில் கம்பெனியிடம் போய் ஸ்பெஷல் ரயில் கேட்டார். கம்பெனியும் சம்மதித்தது.

1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குப் போய்த் திரும்பினார்கள். தூரம் 18 கி.மீ.தான். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். கூரையில்லாத பெட்டிகள், பேண்டு வாத்தியம், டீ, விளையாட்டு, நடுநடுவே மதுவிலக்குப் பேச்சு. உலகின் முதல் உல்லாச ரயில் இது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஸ்பெஷல் ரயில்கள் ஓடியிருக்கின்றன. குக் செய்ததில் புதுசு என்னவென்றால், அதை விடாமல் செய்ததுதான்.

ரயில் கம்பெனி ஏன் கட்டணத்தைக் குறைத்தது? கணக்கு ரொம்ப சிம்பிள். ரயில் காலியாக ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் கரிச் செலவு பெரிதாக மாறாது. 500 சீட் நிரம்பும் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் கம்பெனிக்கு லாபம்தான். இன்றைய குரூப் புக்கிங்கும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

முதல் சில வருடங்கள் குக் இதில் பெரிதாகக் காசு பார்க்கவில்லை. 1845 ஆகஸ்டில்தான் வியாபாரமாக முதல் டூர்: லெஸ்டர், நாட்டிங்ஹாம், டெர்பி ஆகிய ஊர்களிலிருந்து லிவர்பூலுக்கு. முதல் வகுப்பு 15 ஷில்லிங், இரண்டாம் வகுப்பு 10. விருப்பப்பட்டவர்கள் அங்கிருந்து கப்பலில் வேல்ஸுக்கும் போகலாம். அன்று இங்கிலாந்தில் ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு கம்பெனியின் கையில். ஊர் மாறும்போது டிக்கெட்டும் மாறும். குக் எல்லாக் கம்பெனிகளிடமும் பேசி, ஒரே டிக்கெட்டில் முடித்துக் கொடுத்தார். முன்கூட்டியே தானே அந்தப் பாதையில் போய், ஹோட்டல் அறைகளைப் பார்த்து, கையேடு ஒன்றும் எழுதி அச்சிட்டார். டிக்கெட் பிளாக்கில் விற்கும் அளவுக்கு டிமாண்ட்!

அடுத்த வருடமே சறுக்கல். 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். ரயிலில் கழிப்பறை இல்லை. வழியில் பிரெஸ்டனில் டீ தருவதாகச் சொல்லியிருந்தார், அது வரவே இல்லை. கிளாஸ்கோவில் என்னவோ பேண்டு வைத்துத் தடபுடலாக வரவேற்றார்கள். ஆனால் பயணிகள் கடுப்பில் இருந்தார்கள். அந்த வருடம் குக் திவாலானார். இருந்தும் ஸ்காட்லாந்தை அவர் விடவில்லை, மறுபடி மறுபடி கூட்டம் சேர்த்துப் போனார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு சுமார் 1.5 லட்சம் பேரை ரயிலில் அனுப்பிவைத்தார். அவர்களில் பலர் அதுவரை லண்டனையே பார்க்காத தொழிலாளர்கள்.

ஒரு சுற்று, பல ஊர்

1855-ல் பாரிஸில் கண்காட்சி. கால்வாயைக் கடக்கும் நேர்வழிக் கம்பெனிகள் குக்குக்குச் சலுகை தர மறுத்தன. வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பார். இவர் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு சுற்று வழி போட்டார்: ஹாரிச்சிலிருந்து கப்பலில் ஆன்ட்வெர்ப், அங்கிருந்து பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி, ஹைடல்பெர்க், ஸ்ட்ராஸ்பர்க், கடைசியாக பாரிஸ். போன வழியில் திரும்பாமல், ஒரே பயணத்தில் இத்தனை ஊர். அந்த டூரில் அவருக்கு நஷ்டம். ஆனால் இன்றைக்கு ஐரோப்பா போகிறவர்கள் போடும் மல்டி சிட்டி பிளானுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

1862-ல் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகளும் கையை விரித்தன. அடுத்த வருடம் ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டம் சேர்த்தார். அங்கே அப்போது ரயில் பாதை கொஞ்சம்தான். மீதி வழி குதிரை வண்டி, கோவேறு கழுதை, கால்நடை. விடியற்காலையில் எழுந்து, பாவாடை பனியில் புரளப் பெண்களும் பனியாற்றைக் கடந்தார்கள். அதில் போன ஜெமைமா மோரல் என்ற பெண் எழுதிய நாட்குறிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் இடிபாடுகளுக்கு நடுவே கிடைத்தது. அந்தப் பயணம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்துதான்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து மேல்தட்டு ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. 1865-ல் இத்தாலியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த எழுத்தாளர் சார்ல்ஸ் லீவர், ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் குக் இத்தாலியில் கொண்டுவந்து இறக்குகிறார் என்று புனைபெயரில் கதை கட்டினார். குக் வெளியுறவு அமைச்சர் வரை புகார் கொண்டுபோனார். பலன் இல்லை. கடைசியில் தானே பதில் எழுதி அச்சிட்டார்.

பதில் எழுதியதைவிட, அடுத்து செய்த வேலைகள்தான் பெரிசு. 1868-ல் ஹோட்டல் கூப்பன் வந்தது. ஊரிலேயே காசு கட்டி வாங்கிக்கொண்டால் போதும், வெளிநாட்டு ஹோட்டலில் கூப்பனைக் கொடுத்துத் தங்கலாம், சாப்பிடலாம். ஹோட்டல்காரர் குக்கிடம் பணம் வாங்கிக்கொள்வார். 1872-73-ல் ஒரு சிறு குழுவுடன் 222 நாளில் உலகத்தையே சுற்றினார், இந்தியா வழியாக. 1873 மார்ச்சில் ஐரோப்பிய ரயில்களின் நேரங்களைத் தொகுத்து அவர் நிறுவனம் ஒரு புத்தகம் போட்டது. எந்த ரயில் எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் சாதாரணப் பயணியின் கைக்கு வந்தது.

அப்பா vs மகன்

1865-ல் லண்டனில் ஆபீஸ் போட்டபோது முழு நேரமாக உள்ளே வந்தார் ஜான் மேசன். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் டூர்களில் வேலை பார்த்தவர். 1871-ல் பங்குதாரரும் ஆனார், நிறுவனத்தின் பெயர் 'தாமஸ் குக் அண்ட் சன்' ஆனது. சிக்கலும் வளர்ந்தது. அப்பாவுக்கு டூர் என்பது ஊழியத்தின் நீட்சி. மதுவிலக்கும் சபைப் பணியும் அதில் கலந்தே இருக்கும். மகனுக்கு இது சுத்தமான பிசினஸ், கணக்கு தனி, பக்தி தனி.

யார் பக்கம் நியாயம்? கம்பெனி பிழைத்ததற்கு மகனின் கணக்குதான் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கம்பெனியே அப்பாவின் நடையில் பிறந்தது. எது எப்படியோ, 1878-ல் பிளவு முற்றி, குக் லெஸ்டருக்குப் போய் ஒதுங்கினார். 1880-ல் மகள் ஆனி புது வீட்டின் குளியலறையில், கேஸ் வாட்டர் ஹீட்டர் புகையில் மயங்கி இறந்துபோனார். 1884-ல் மனைவி. அப்புறம் கண் பார்வையும் போனது. 1891-ல் நிறுவனத்தின் 50-ஆம் ஆண்டு விழாவை லண்டனில் மகன் பிரமாதமாக நடத்தினார். அந்த விருந்தில் தாமஸ் குக் இல்லை.

அதே காலத்தில் அவர் பிறந்த மெல்பர்னில், ஏழை பாப்டிஸ்ட்களுக்காக அவர் கட்டிய 14 சிறு வீடுகள் தயாராகிக்கொண்டிருந்தன. 1892 ஜூலை 18-ல் லெஸ்டரில் இறந்தார். ஏழு வருடங்களில் மகனும் போய்ச் சேர்ந்தார்.

1928-ல் நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 2019 செப்டம்பர் 23-ல் பிரிட்டனின் தாமஸ் குக் ஒரே இரவில் மூடப்பட்டபோது, உலகம் முழுக்க சுமார் 6 லட்சம் பயணிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனத்துக்கு அதற்குள் வேறு உரிமையாளர் வந்துவிட்டதால், அதற்கு ஆபத்து இல்லை. அந்த ரயில் நேரப் புத்தகத்தை வெளியிடுவதையும் 2013-லேயே நிறுத்தியிருந்தார்கள். ஆனால் சில மாதங்களிலேயே அதைத் தொகுத்து வந்த குழு, குக் பெயர் இல்லாமல் சொந்தமாக மீண்டும் அச்சிடத் தொடங்கியது.