ஜார்ஜ் விட்டெட்டும் அவர் தொடங்கி வைத்த சங்கமும்

கல்லையும் மரத்தையும் உலோகத்தையும் கொண்டு வாழ்ந்த விசுவகர்ம மரபினர் நாம். திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் மண்டபத்தில் நின்று தூண்களை நோக்குந்தோறும், அவற்றைச் செதுக்கிய கைகளுக்குரியார் பெயர் ஒன்றேனும் அறியோமே என்னும் ஏக்கம் எழுகின்றது. பெயர் ஒருபுறம் நிற்க, அக்கைகள் அறிந்த நுட்பமேனும் நம் இல்லங்களில் நிலைத்துளதோ எனின், பெரும்பாலும் இல்லை என்றே விடை கூறல் வேண்டும். தனியொருவன் பெற்ற அறிவு அவனோடு மாய்வது. கூட்டமாய்ப் பேணப்படும் அறிவே தலைமுறை கடந்து நிற்பது. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். இவ்வரலாற்றுக்கு உரியவர் நம் குலத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆயினும் அவர் செய்த காரியம் நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஜார்ஜ் விட்டெட் என்பார் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஸ்காட்லாந்து நாட்டின் பிளேர் அத்தோல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெர்த் நகரில் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயின்று, பின்னர் எடின்பரோவிலும் யார்க்கிலும் பணியாற்றித் தேர்ச்சி பெற்றார். 1904இல் கப்பலேறிப் பம்பாய் வந்து, அரசாங்கத்தின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராய் இருந்த ஜான் பெக் என்பாருக்கு உதவியாளராய் அமர்ந்தார். தம் நாட்டுக் கட்டட முறையை இங்கே அவ்வாறே பெயர்த்து நாட்ட அயலார் பலர் முற்பட்ட காலம் அது. விட்டெட்டோ, பீஜப்பூரின் கோல் கும்பஸ் முதலிய பழங்கட்டடங்களையும் குஜராத் நாட்டு வேலைப்பாடுகளையும் கற்றுத் தெளிந்தார். பெக் பதவி உயர்ந்து சென்ற பின், அவ்விடத்திற்கு இவரே உரியவரானார்.

1905ஆம் ஆண்டு நவம்பரில், அந்நாள் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் ஓர் அருங்காட்சியகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு வரைபடம் வேண்டிப் போட்டி வைக்கப்பட, 1909இல் விட்டெட்டின் வரைபடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் குவிமாடத்தில் பீஜப்பூரின் சாயலைக் காணலாம். நம்மவருள் தச்சுத் தொழிலார் மகிழத்தக்க செய்தி ஒன்றும் அதில் உண்டு. நாசிக்கில் பழைய மாளிகை ஒன்றன் மர வேலைப்பாடுடைய வளைவுகளை அவர் விலைக்கு வாங்கி, பெயர் அறியாத் தச்சர் செய்த அவ்வேலையைக் குவிமாடத்தின் கீழே பொருந்த அமைத்தார். பிறர் கைவண்ணத்தை மதித்துத் தம் கட்டடத்தில் இடங்கொடுத்தல் பெருந்தன்மை அன்றோ! முதல் உலகப் போர்க்காலத்தில் மருத்துவமனையாய்ப் பயன்பட்ட அக்கட்டடம், 1922ஆம் ஆண்டு ஜனவரியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இந்நாளில் அது சத்திரபதி சிவாஜி மகாராஜர் பெயர் தாங்கி நிற்கின்றது.

அவர்க்குப் பெரும்புகழ் ஈட்டியது கடலோரத்தில் எழுந்த இந்தியாவின் நுழைவாயில். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் வந்திறங்கியதன் நினைவாக அஃது எழுப்பப்பட்டது. 1913 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1914இல் விட்டெட்டின் வரைபடம் ஒப்புதல் பெற்றது. கடலைத் தூர்த்து நிலமாக்கவே சில ஆண்டுகள் சென்றன. மஞ்சள் நிறப் பாறைக்கல்லாலும் கம்பியிட்ட கான்கிரீட்டாலும் ஆகி, 26 மீட்டர் உயர்ந்த அவ்வாயில், 1924 டிசம்பர் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. மன்னர் வரவுக்கென எழுந்த அவ்வாயிலின் வழியே, 1948 பிப்ரவரி 28ஆம் நாள், ஆங்கிலப் படையின் கடைசிப் பிரிவு வெளியேறிச் சென்றது. எந்நோக்கத்தோடு கட்டப்படினும், கல் காலத்தின் வழியிலேயே பொருள் கொள்ளும் போலும்!

நிற்க. இக்கட்டடங்களைக் காண்போர் பல இலட்சம் பேர். ஆனால், இவற்றினும் நீடித்து வளர்ந்துவரும் அவரது மற்றொரு பணியை அறிந்தார் சிலரே. அதனைக் கூறுதலே எம் கருத்து.

பம்பாயில் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் கலைப்பள்ளியில் கட்டடக்கலை முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. அதில் தேறி வெளிவந்த இளைஞர், ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்து வேலை தேடினர். கட்டடக் கலைஞர் என்பார் யாவர், அவர் கடமை யாது, ஊதியம் யாது என வரையறுக்கும் சட்டம் எதுவும் அந்நாளில் இல்லை. 1917ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், அப்பள்ளியின் பழைய மாணவர்கள் கூடிக் கட்டடக்கலை மாணவர் சங்கம் என ஒன்றை நிறுவினர். பம்பாய் அரசாங்கத்தின் கட்டடக் கலைஞராய் உயர்பதவியில் இருந்த விட்டெட், அச்சிறு கூட்டத்தின் முதல் தலைவராய் அமர இசைந்தார். ஆட்சிபுரியும் இனத்தார், ஆளப்படும் நாட்டு இளைஞரோடு சமமாய் அமரத் தயங்கிய காலம் அஃது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். உலகப் போர் முடியாத ஆண்டும் அதுவே.

1919இல் விட்டெட் அரசாங்கப் பணியை விட்டு, டாட்டா நிறுவனத்தாரிடம் சேர்ந்தார். தலைவரின் பதவி மாறியது; சங்கமோ கலைந்ததில்லை. பழைய மாணவர் என்னும் எல்லை குறுகியது எனக் கண்டு, 1922இல் பம்பாய்க் கட்டடக்கலைச் சங்கம் எனப் பெயர் பூண்டது. 1925இல் இங்கிலாந்தின் அரச கட்டடக்கலைக் கழகத்தோடு இணைப்புப் பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1926 செப்டம்பர் 11ஆம் நாள், வயிற்றுக் கடுப்பு நோயால் விட்டெட் பம்பாயிலேயே காலமானார். சிவ்ரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு அப்போது வயது நாற்பத்தேழே.

தலைவர் மறைந்தபின் மடிந்த சங்கங்கள் எத்தனையோ. இச்சங்கம் மடியவில்லை. 1929 செப்டம்பரில் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் எனும் பெயரோடு நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அப்போது உறுப்பினர் இருநூற்றுவருக்கும் குறைவு. 1934இல் தனக்கென ஓர் இதழ் தொடங்கிற்று. 1937இல் பம்பாய் நகர மண்டபத்தில் வீட்டமைப்புக் கண்காட்சி நடத்திப் பொதுமக்களை ஆயிரக்கணக்கில் ஈர்த்தது. இடையறாத முயற்சியின் பயனாக, 1972இல் கட்டடக் கலைஞர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலந்தோறும் கிளைகளும், இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட உறுப்பினரும் அதற்கு உண்டு.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாதென ஆராயுங்கால், மூன்று புலனாகின்றன. ஒன்று, அஃது இளைஞரால் தொடங்கப்பட்டது; பின்னரும் மாணவர்க்கென உறுப்பினர் வகுப்பொன்றை வைத்திருந்தது. இரண்டு, எல்லை குறுகிய போதெல்லாம் பெயரையும் வாயிலையும் அகலமாக்கிக் கொண்டது. மூன்று, உறுப்பினன் செலுத்தும் சந்தாவுக்கு ஈடாக, இதழும் கண்காட்சியும் தொழிற் பாதுகாப்புமாகிய ஏதேனும் ஒரு பயன் அவனுக்குக் கிட்டிற்று.

அக்கழகத்தில் குறையும் இல்லாமலில்லை. பட்டயம் பெற்றாரையே அஃது ஏற்றது. தலைமுறை தலைமுறையாய் நூலறிவும் கையறிவும் பெற்ற நம் சிற்பியரும் தச்சரும் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். இதனை எண்ணி வருந்துதல் இயல்பே. ஆயினும், படிப்பு ஒன்றே நுழைவுச்சீட்டாயின் நம் பிள்ளைகளும் அதனைப் பெறலாமன்றோ? கட்டட வேலையின் தலைவனைக் குறிக்கும் மிஸ்திரி என்னும் பெயரைக் குடும்பப் பெயராய்க் கொண்ட பார்சிப் பெண்மணி பெரின் என்பார், அதே கலைப்பள்ளியில் 1936இல் பட்டயம் பெற்று, நாட்டின் முதற் பெண் கட்டடக் கலைஞருள் வைத்து எண்ணப்படுகின்றார்.

இனி நம் நிலைமையைச் சிறிது நோக்குவோம். குமாரலிங்கபுரத்தைச் சுற்றிய இக்கரிசல் நாட்டில், ஏரும் வண்டியும் செய்த நம் பட்டறைகள் டிராக்டரின் வரவால் அவிந்தன. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் செல்கின்றனர். எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், தச்சர் மகன், வரைவதில் வல்லவர். கட்டடக்கலை பயில விரும்பினார். அதற்கெனத் தனித் தகுதித் தேர்வு உண்டென்பது, விண்ணப்ப நாள் கடந்த பின்னரே அவருக்கும் எமக்கும் தெரிந்தது. வேறு படிப்பிற் சேர்ந்தார். அவர் தந்தையின் பெயர் நம் சங்கப் பதிவேட்டில் இருபது ஆண்டுகளாக இருக்கின்றது. சந்தா பாக்கி எனச் சிவப்பு மையால் எழுதிய நாம், அவ்வீட்டிற்கு ஒரு சொல் உதவினோமில்லை. ஆசிரியராகிய எம் பிழையும் அதில் அடங்கும்.

சந்தா கொடாதவர்மீது குறை கூறுமுன், கொடுத்தவர்க்கு நாம் யாது செய்தோம் என வினவுதல் முறை. ஆண்டுக்கு ஒருமுறை பூசைக்குக் கூடிக் கலைவதோடு அமையாது, படிக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியே ஒரு பதிவேட்டில், பெண் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுவோமாக. அவர்க்குரிய தேர்வுகளையும் உதவித்தொகைகளையும் இவ்விதழில் திங்கள்தோறும் வெளியிடுவோமாக. மாணவர் நால்வரை நிர்வாகக் குழுவில் அமர்த்தி, மூத்தோர் அருகிலிருந்து வழிகாட்டுவாராக. விட்டெட் பெருமகனார் அன்று செய்தது அத்துணையே. நுழைவாயிலைக் கட்டக் கல்லும் பொருளும் பல்லாண்டும் வேண்டியிருந்தன. இளைஞர் கூட்டத்திற்குத் தலைமை தாங்க, மாலைப்பொழுதும் மனமும் போதியனவாயின. அவ்விரண்டும் நம்மிடத்தும் உண்டு.