வழியில் வீழ்ந்தோரும் மானிப்பாய் வைத்தியரும்

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செட்டிகுளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாகக் கடமையாற்றினேன். பாடசாலை விட்டபின் அச்சாலையோரமாகச் சிறிது தூரம் நடப்பது என் வழக்கம். அவ்வாறு நடக்கும்போதெல்லாம் இருவர் என் நினைவுக்கு வருவர். ஒருவர் என் குலத்து மூதாட்டி. அவர் பெயர்கூட எங்களுக்கு எட்டவில்லை. மற்றவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் பெயரை யாழ்ப்பாணத்தார் எவரும் அறிவர். இருவரும் ஒரே காலத்தவர். ஒருவரையொருவர் அவர்கள் கண்டதில்லை. அதுவே என் மனத்தை நெடுங்காலம் உறுத்திய செய்தியாகும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கண்டி மலைகளில் கோப்பிப் பயிர் செழித்தது. அதற்கு வேண்டிய கைகள் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய வறண்ட சீமைகளிலிருந்து வந்தன. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தோர், கங்காணியின் பின்னே வன்னியின் தெற்கு விளிம்பு வழியாக மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் நஞ்சு. வாந்திபேதியும் காய்ச்சலும் பல்லாயிரவரை அவ்வழியிலேயே கிடத்தின. நோயுற்றவனுக்குப் பொறுப்பாளி எவருமில்லை. புறப்பட்ட நாட்டுக்கு அவன் போய்விட்டவன். தோட்டத்துரைக்கு அவன் இன்னும் வந்து சேராதவன். கங்காணிக்கோ அவன் திரும்பாத கடன். இக்காலத்தில் காப்புறுதி என்று நாம் வழங்கும் ஆதரவின் நிழல்கூட அவன்மேல் விழவில்லை. என் மூதாட்டி இரண்டு பிள்ளைகளுடன் புறப்பட்டு ஒரு பிள்ளையுடன் மாத்தளை சேர்ந்தாள் என்று என் அப்பாயி கூறக் கேட்டிருக்கிறேன். மற்றப் பிள்ளை எவ்விடத்தில் விடப்பட்டது என்பதை ஒருவரும் கூறவில்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் எங்கள் குடும்பம் மலையகம் விட்டு வவுனியாவுக்கு வந்து குடியேறியது. அந்தப் பிள்ளையைப் புதைத்த வழிக்கே நாங்கள் திரும்பி வந்தோம் போலும்.

இனி, கிறீனின் வரலாற்றைக் கூறுவேன்.

அவர் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தார். நம் ஆறுமுக நாவலர் தோன்றியதும் அதே ஆண்டின் மார்கழியிலேதான். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே, 1820 முதல், யோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் பண்டத்தரிப்பில் அத்தொண்டைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் வேலூரில் பெரும் மருத்துவ நிலையத்தை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியே.

வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கிய கிறீன், மானிப்பாயில் நிலைகொண்டார். ஏழை எளியோர் திரள்திரளாக வந்தனர். கட்டி அறுத்தல், எலும்பு பொருத்தல், மகப்பேற்றில் வருந்தும் தாயைக் காத்தல் ஆகிய யாவும் அவர் கையால் நடந்தன. வந்தோர் மருந்தோடு வேதப் பிரசங்கத்தையும் கேட்டுச் சென்றனர். சமயம் பரப்புதல் அவருடைய நோக்கங்களுள் ஒன்று என்பதை அவர் மறைத்தவரல்லர். சைவனாகிய நான் அதனை மறக்க வேண்டியதில்லை. நாவலர் அவர்கள் அதனை எதிர்த்து நின்றதன் நியாயத்தையும் மறக்கமாட்டேன். ஆயினும் கிறித்தவராகும் தமிழர் தம் உடையையும் வழக்கங்களையும் கைவிட்டு ஆங்கிலேயர் போலாதல் வேண்டாம் என்றே கிறீன் கருதினார் என்பதையும் உடன் சொல்லுதல் நீதியாகும்.

தாம் ஒருவரே எத்தனை பேரைத் தொட்டுப் பார்க்க இயலும் என்ற கேள்வி அவரை வந்தவுடனேயே பற்றிக்கொண்டது. ஆகவே 1848ஆம் ஆண்டிலேயே மாணாக்கரைச் சேர்த்து மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி எழுந்தது 1870இலே என்பதை நினைத்தால், அம்முயற்சியின் முதன்மை விளங்கும். தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் நல்ல சம்பளம் கிடைக்கும் இடங்களை நாடிச் சென்றனர். கிராமமோ முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தது. இதனைக் கண்ட கிறீன், ஊரிலே தங்கி ஊரவர்க்கு உதவும் வைத்தியரை ஊரவர் மொழியிலேயே உருவாக்க வேண்டும் என்று துணிந்தார். 1857இல் தாயகம் சென்ற அவர், 1862இல் மார்கரெட் அம்மையாரை மணந்து அவருடன் மீண்டு வந்தார். 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடந்தன. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமே! மாணாக்கர் துணையுடன் அவர் அதனையும் மேற்கொண்டார். பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரண வைத்தியம் 1867இல் வந்தது. உலகமெங்கும் மருத்துவ மாணவர் கையிலிருந்த கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயருடன் தமிழ்க் கோலம் பூண்டது. 1875இல் கெமிஸ்தம் வெளிவந்தது. வழக்கில் தமிழ்ச்சொல் இருந்தால் அதனை எடுத்தார். இல்லாதவிடத்து வடசொல்லை நாடினார். இரண்டும் பொருந்தாதபோது மூலச்சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்தார். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களைக் கடந்தன. கலைச்சொல்லாக்கம் பற்றி இன்று நாம் கருத்தரங்கு கூட்டுகிறோம். அவரோ நோயாளியைப் பார்த்த இடைவேளையிலே அதனைச் செய்து முடித்தார்.

உடல் தளர்ந்து 1873இல் அவர் ஊர் திரும்பினார். திரும்பிய பின்னும் பணி ஓயவில்லை. வூஸ்ரரிலிருந்து எழுதிய தமிழ்ப் படிகள் கடல் கடந்து வந்து அச்சேறின. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார். தாம் தமிழர்க்குத் தொண்டாற்றிய வைத்தியர் என்பதே அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை எழுந்தது. தமிழ்வழி மருத்துவப் போதனையோ அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பட்டமும் பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தபோது, தமிழிற் கற்க முன்வருவோர் யார்?

இவ்வரலாற்றை முதன்முதல் படித்தபோது எனக்கு வியப்போடு ஒரு கோபமும் உண்டாயிற்று. 1873 வரை நுவரகலாவியாவும் வடமாகாணத்துள் அடங்கியிருந்தது. என் மூதாட்டி நடந்த வழியிற் பெரும்பகுதி கிறீன் வாழ்ந்த அதே மாகாணத்து வழி. வடக்கே மானிப்பாயில் ஏழைகளுக்கு மருந்தும் அன்பும் கிடைத்த நாட்களில், இங்கே ஒரு பிள்ளை மரத்தடியில் விடப்பட்டது. அறம் ஏன் இத்துணைக் குறுகிய எல்லைக்குள் நின்றது என்று நான் மனத்துள் வழக்காடினேன்.

என் தாயாரின் நோய்தான் எனக்கு விடை தந்தது. முதுமையில் அவரை ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. இந்நாட்டில் அரசினர் வைத்தியம் இலவசமன்றோ. ஆனால் கேட்கப்பட்ட மொழி அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது அங்கே இருந்தவருக்கு விளங்கவில்லை. கையில் தரப்பட்ட கடதாசியில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. காலையில் விழுங்க வேண்டியதை இரவிலும் விழுங்கி, மூன்று நாள் மயங்கிக் கிடந்தார். மருந்து இருந்தது, வைத்தியரும் இருந்தார். இடையில் ஒரு மொழி இல்லாமற் போயிற்று. அன்றிரவு அவர் கட்டிலருகே அமர்ந்திருந்தபோதுதான் கிறீன் செய்ய முயன்றது இன்னதென்று எனக்குத் தெளிந்தது. தம் கை எட்டாத வழிகள் உண்டென்பதை அவர் அறிந்திருந்தார். அதனாலேயே தம் கையைப் பலவாக்க முற்பட்டார். ஊருக்கொரு வைத்தியர், ஊரார் மொழியில் என்ற அவர் எண்ணம் முற்றியிருக்குமானால், அதன் கிளையொன்று இந்த வழிக்கும் நீண்டிருக்கக் கூடும். அதனை முற்றவிடாது மறந்தவர்கள் பின்வந்த நாமே.

இன்று கிறீன் பிறந்த நாட்டிலேயே, காப்புறுதியற்ற குடியேறிகள் நோயுற்றால், திருச்சபைகள் நடத்தும் இலவச மருத்துவ நிலையங்களின் வாயிலிற் காத்திருக்கின்றனர் என்று படிக்கிறேன். அங்கும் பலருக்கு முதல் தடை மொழியே. அக்காலத்து மன்னார் வழி உலகில் இன்னும் மூடப்படவில்லை.

என் மாணவி ஒருத்தி இப்போது வன்னியில் உள்ள ஒரு வைத்தியசாலையில் தாதியாக இருக்கிறாள். அவளும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தினளே. சென்ற மாதம் நான் அங்கே சென்றபோது, ஒரு முதியவளின் மருந்துப் பொதி ஒவ்வொன்றிலும் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவளைத் திருப்பிச் சொல்லவும் செய்தாள். அக்கிழவி ஒருமுறை தவறிச் சொன்னாள். மாணவி சலியாமல் மறுபடி தொடங்கினாள். கிறீன் யாரென்று அவளுக்கு நான் ஒருநாளும் கற்பிக்கவில்லை. அடுத்த முறை செல்லும்போது சொல்ல வேண்டும்.