கடவுளை மறுத்தவரின் கத்தோலிக்கத் தோழர்



பெரியார் என்றதும் நம்ம பசங்களுக்கு ஞாபகம் வருவது கறுப்புச் சட்டை, கைத்தடி, கடவுள் இல்லை என்ற பேச்சு. சாமி கும்பிடுகிறவர்களிடம் அவர் எப்படிப் பழகினார் என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் ஹாஸ்டல் நண்பனைக் கிண்டலடிப்பதுதான் பகுத்தறிவு என்று சிலர் நினைக்கிறார்கள். (நானும் சாமி கும்பிடாதவன்தான்.) அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஈ.வெ. ராமசாமி 1879 செப்டம்பர் 17-ல் ஈரோட்டில் பிறந்தார். வசதியான வியாபாரக் குடும்பம், வீட்டில் பக்திக்குக் குறைவில்லை. காங்கிரசில் இருந்தார், வைக்கத்தில் சிறை போனார், 1925-ல் 'குடிஅரசு' தொடங்கினார், அந்த ஆண்டே காங்கிரசை விட்டார். சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரியில் நடந்தது நம்ம செங்கல்பட்டில்தான்! செய்யூரிலிருந்து மதுராந்தகம் வழியாக பஸ்ஸில் போகிற தூரம். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைப் பலர் வெட்டி எறிந்தது அங்கேதான்.

கிறிஸ்தவத்தையும் அவர் சும்மா விடவில்லை. ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' அவர் இயக்கத்தின் வழியாகத் தமிழில் வந்தது. மாதா கோவிலுக்குள்ளும் சாதி பார்த்து உட்கார வைத்ததை வெளுத்து வாங்கினார்.

அப்படிப்பட்டவருக்கு உயிர்த்தோழர், ஏ.டி. பன்னீர்செல்வம். தஞ்சைப் பக்கம் பெரும்பண்ணையூர்க்காரர், பாரிஸ்டர், ரோமன் கத்தோலிக்கர். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகவே போனவர். ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, சமஸ்கிருதம் மட்டும் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தார்.

1938 டிசம்பரில் பெரியார் இந்தி எதிர்ப்புக்காக ஜெயிலில். சென்னையில் கூடிய நீதிக்கட்சி மாநாடு அவரையே தலைவராக்கியது. அவருடைய தலைமை உரையை மேடையில் வாசித்தவர் பன்னீர்செல்வம். யோசித்துப் பாருங்க, ஊரறிந்த நாத்திகரின் உரையை ஊரறிந்த கத்தோலிக்கர் படிக்கிறார்! மதத்தை விட்டுவிட்டு வா என்ற நிபந்தனை எதுவும் அந்த நட்பில் இருந்ததாகத் தெரியவில்லை.

1940 மார்ச் 1. இந்திய மந்திரியின் ஆலோசகராகப் பதவியேற்க பன்னீர்செல்வம் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹானிபால் என்ற அந்த விமானம் ஓமன் வளைகுடாவுக்கு மேல் காணாமல் போனது. அதிலிருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

சாவைக் கண்டு கலங்குகிறவர் இல்லை பெரியார். 1933 மே 11-ல் மனைவி நாகம்மையார் இறந்தார். மறுநாளே திருச்சி போய், 144 தடையை மீறி ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திக் கைதானவர் அவர். தாயார் தொண்ணூறு தாண்டி இறந்தபோது, இயற்கைதானே என்று இருந்துவிட்டார். அந்த மனுஷன்தான் பன்னீர்செல்வத்துக்கு எழுதிய இரங்கலில், மனைவிக்கும் தாய்க்கும் கலங்காத மனசு இப்போது வாடுகிறது, தமிழர் நிலையை நினைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகமே வருகிறது என்று எழுதினார். மறுமையில் பார்ப்போம் என்ற ஆறுதல் பன்னீர்செல்வத்தின் வீட்டாருக்கு இருந்திருக்கும். பெரியாருக்கு அதுவும் கிடையாது. இதை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கைக்காரர்கள் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிய பாதிரிமார்களின் தொண்டை அவர் மேடைகளில் பாராட்டியதுண்டு. முதுமையில் சிறுநீர்க் குழாயோடு ஊர் ஊராகச் சுற்றிய அவருக்கு வைத்தியம் பார்த்ததும் வேலூர் சி.எம்.சி. தான். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி. நம்ம பக்கத்துத் திண்டிவனத்தில், ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாதென்று ஒரே இரவில் மூன்று பெண்கள் சாக விடப்பட்டதைப் பார்த்துத்தான் அந்தம்மா டாக்டருக்குப் படிக்கப் போனார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் 1973 டிசம்பர் 24 காலையில், 94 வயதில், பெரியார் காலமானார். மறுநாள் கிறிஸ்துமஸ். அன்று சென்னை பெரியார் திடலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், செய்யூர்